குரல் பதிவு ஃபத்வா அல்ல



வெள்ளவத்தையில் ஒரு சின்னத் தாய்லாந்து கடலுணவுக் கடை. "அங்கே சாப்பிடுவது ஹராம்" என்றொரு குரல் பதிவு நம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. பேசியவர் யார், கடைக்குப் போனாரா, யாருக்கும் தெரியாது. ஆனாலும் நாம் அதை அடுத்த குழுவுக்கு அனுப்பிவிட்டோம்.

மீனுக்கு அறுப்புத் தேவையில்லை. நம்மில் பெரும்பாலோர் ஷாஃபிஈ. இறாலும் கணவாயும் நமக்கு ஆகும். ஹனஃபிகளான மேமன் சகோதரர்களுக்குக் கணவாய் ஆகாது, இறாலில் கருத்து வேறுபாடு உண்டு. தாய் மீன் சோஸ் என்பது நெத்தலியும் உப்பும்தான். கேட்க வேண்டியவை வேறு: அதே தாச்சியில் பன்றி இறைச்சி வதக்குகிறார்களா? சோஸில் வைன் சேர்க்கிறார்களா? கோழி எங்கிருந்து வருகிறது? கேட்க ஐந்து நிமிடம் போதும். பதில் சரியில்லை என்றால் எழுந்து வருவோம்.

ஹலால் சான்றிதழ் இல்லாதது மட்டும் ஹராமுக்குச் சாட்சியல்ல.

2013இல் பொது பல சேனா ஹலால் இலச்சினைக்கு எதிராகக் கிளம்பியதைக் கண்டோம். 2019இல் "முஸ்லிம் கடைக்குப் போகாதே" என்ற செய்திகள் கைபேசி வழியாகவே பரவின. விசாரிக்காமல் நம்பினார்களே என்று அன்று நொந்தோம். இன்று நாம் செய்வது என்ன?

செய்தி வந்தால் விசாரிக்கச் சொல்லும் ஸூரா அல்-ஹுஜுராத்தின் 6ஆம் வசனத்தைப் பிள்ளைகளுக்கு மனனமிடச் சொல்கிறோம். நமக்கு அது பொருந்தாதா?

போவதும் போகாததும் அவரவர் பேணுதல். ஆனால் விசாரிக்காமல் அனுப்பியவர்கள், அனுப்பிய அதே குழுவில், "நாம் விசாரிக்கவில்லை" என்று எழுதுங்கள். ஒருவருடைய ரிஸ்கு சம்பந்தப்பட்ட விஷயம் இது.