நாரின் பிடிப்பு எவ்வளவு இருத்தல் நலம்?

குதிருக்கும் சுவருக்கும் மண் மிதிக்கையில் வைக்கோலையோ தேங்காய் நாரையோ சேர்ப்பது நம் குடியானவர் யாவரும் அறிந்த வழக்கம். நார் எவ்வளவுக்கெவ்வளவு இறுகப் பற்றுகிறதோ அவ்வளவுக்கவ்வளவு சுவர் உறுதி என்பது பொதுவான எண்ணம். யானும் பல ஆண்டுகள் அவ்வாறே எண்ணிப் பிறருக்கும் உபதேசித்து வந்தேன். அவ்வெண்ணம் பிழை என்பதே இப்போது என் துணிபு. அப்பிழையால் ஒருவர் தம் விதைநெல்லை இழந்தார். ஆதலின் இதனை எழுதுவது என் கடமையாகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நிலக்காரர் ஒருவர், தம் மண் குதிர் அடிக்கடி வெடித்துப் போவதாகச் சொல்லி யோசனை கேட்டார். தேங்காய் நாரைத் துணித்துச் சிமெண்டுச் சாந்தில் கலந்து கட்டும்படி சொன்னேன். முதலாண்டில் அது கல்லைப்போல் நின்றது; கண்டவரெல்லாம் புகழ்ந்தனர். மூன்றாம் மழைக்காலத்தில் மூட்டையொன்று சாய்ந்து மோதவே, பக்கச் சுவர் மேலிருந்து கீழ்வரை பிளந்தது. அவ்வழியே ஈரம் புகுந்து விதைநெல் முளைத்துப் பாழாயிற்று. உடைந்த முகத்தை யான் நேரிற் பார்த்தேன். ஒரு நாரேனும் வெளியே நீண்டிருக்கவில்லை. அத்தனையும் கத்தியால் அறுத்தாற்போல் சுவரோடு சமமாக முறிந்திருந்தன.

இதன் காரணம் யாதெனில்: காய்ந்த மண்ணும் சிமெண்டும் நொறுங்கும் இயல்புடையவை. ஓரிடத்தில் தோன்றிய விரிசல் தடையின்றி ஓடும். நார் குறுக்கிட்டால், அது விரிசலின் இரு கரைகளையும் பாலம்போல் இணைக்கிறது. பிடிப்பு மிகக் குறைவாயின் நார் வழுக்கி வெளிவந்துவிடும். பிடிப்பு மிக அதிகமாயின், நெகிழ இடமின்றி விரிசலின் வாயிலேயே அறும். நடுத்தரமாயின், சிறிது தூரம் மண்ணை விட்டு விலகி, உராய்ந்தவாறே மெல்ல இழுபடும். மோதலின் வேகம் அவ்வுராய்விலேயே செலவாகிவிடும். சுவர் வெடித்தாலும் விழாது. நாரும் பொருளும் கூடுமிடம், அப்பொருளின் சொந்தப் பிணைப்பில் ஏறத்தாழ 5-ல் 1 பங்கு வலிமையே உடையதாயின், ஓடிவரும் விரிசலுக்கு முன்னரே அவ்விடம் திறந்து அதன் கூர்மையை மழுக்கிவிடும் என்று பிரிட்டனில் குக், கார்டன் என்னும் அறிஞர் இருவர் 1964-ல் கணக்கிட்டுக் காட்டினர்.

அங்ஙனமாயின் முதலாண்டில் உறுதியாயிருந்த குதிர் பின்னர் முறிந்தது ஏன்? சிமெண்டிலுள்ள சுண்ணாம்புக் காரமே காரணம். நனைவதும் உலர்வதுமாக இருக்கையில் கார நீர் நாரினுட் புகுந்து, அதன் இழைகளைப் பிணைக்கும் பொருளை அரிக்கிறது. அவ்விடத்தில் சுண்ணாம்பு படிகிறது. நாரின் வலிமை குன்ற, பிடிப்போ மிகுகிறது. சிசல் கற்றாழை நார் சேர்ந்த கான்கிரீட்டில் இக்கேட்டினை ஆராய்ந்து ஸ்வீடனில் கிராம் என்பவர் 1983-ல் வெளியிட்டார். சிமெண்டில் ஒரு பங்குக்குப் பதிலாக நுண்ணிய சிலிகாத் தூள் சேர்த்தால் காரம் தணியும் என்பதும் அவ்வாராய்ச்சியால் விளங்கிற்று.

நமக்கு அச்சிலிகா உமிச் சாம்பலிற் கிடைக்கிறது. நெல்லின் எடையில் ஏறத்தாழ 5-ல் 1 பங்கு உமி. உமியின் எடையில் ஏறத்தாழ 5-ல் 1 பங்கு சாம்பல். சாம்பலிற் பெரும்பகுதி சிலிகாவே. கடும் வெப்பமின்றி எரித்து, நன்றாக அரைத்த சாம்பலே காரத்தோடு கூடவல்லது. அடுப்பிலிருந்து அள்ளியதை அப்படியே கொட்டுவதில் பயன் சொற்பம்.

மண்ணில் நேர்வது இதற்கு மாறானது. வைக்கோல் நீரை உறிஞ்சிப் பருத்து, உலர்கையில் சுருங்கி மண்ணை விட்டு விலகுகிறது, பிடிப்புத் தளர்கிறது. வைக்கோல் சேர்த்த மண்ணைச் சில நாள் புளிக்கவிடும் பழைய வழக்கம் இதற்கு நல்ல பரிகாரம். வைக்கோல் நெகிழ்ந்து பசை வெளிப்பட்டு மண்ணோடு ஒட்டுகிறது. அழுகும்வரை விட்டால் வைக்கோலே வலுவிழக்கும். துண்டுகள் மிகக் குறுகியிருத்தலும் ஆகாது. பிடிப்புக் குறைந்த பொருளில் நீண்ட நாரே வேலை செய்யும். நாலு விரற்கடைக்குக் குறையாமல் துணிக்க வேண்டுமென்பது என் அபிப்பிராயம்.

சிமெண்டே வேண்டாமென்று யான் கூறவில்லை. சோதியாமல் குதிர் கட்ட வேண்டாமென்பதே என் வேண்டுகோள். கலவையில் முழ நீளச் சட்டங்கள் சில செய்து, நன்கு உலர்த்தி, இரு கற்களின்மேல் வைத்து நடுவில் அழுத்தி முறித்துப் பாருங்கள். நார்கள் ஒரு விரற்கடையளவு நீண்டு நின்றால் கலவை நன்று. எளிதில் உருவி வந்தால் பிடிப்புப் போதாது. சமமாக அறுந்திருந்தால் பிடிப்பு மிகுதி, அல்லது நார் கெட்டது. சிமெண்டு கலந்தவற்றிற் சிலவற்றை ஒரு மழைக்காலம் வெளியில் கிடத்தி மறுபடியும் முறித்துப் பார்த்தல் அவசியம். முதலாண்டு உறுதியைக் கண்டு ஏமாந்தவன் யான். கிராம அதிகாரிகள் பொதுக் களஞ்சியம் கட்டுமுன் இச்சோதனையைச் செய்விப்பார்களாயின், ஒரு சட்டம் முறிவதோடு நஷ்டம் நிற்கும். ஊரார் விதைநெல் பிழைக்கும்.