ரேஸ்ல ஜெயிச்சது ஒருத்தர், சாம்பியன் இன்னொருத்தர்: நாஸ்கார் போட்டியை விட்டு பழைய ரசிகர்கள் ஏன் விலகினாங்க?

2025 நவம்பர் 2. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் நாஸ்கார் கார் ரேஸின் கடைசிப் போட்டி. திட்டமிட்டது 312 சுற்று. அதில் 208 சுற்று முன்னாடி ஓடியவர் டென்னி ஹேம்லின். 44 வயது. இருபது வருஷமா ஓட்டுறார், 60 ரேஸ் ஜெயிச்சிருக்கார், ஒருமுறைகூட சாம்பியன் ஆனதில்லை. இன்னும் மூணே சுற்றுதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்து வேறொருத்தர் காரில் டயர் போச்சு. மஞ்சள் கொடி காட்டிட்டாங்க. எல்லாரும் டயர் மாத்த உள்ளே போனாங்க. ஹேம்லின் நாலு டயரையும் மாத்தினார். கைல் லார்சன் ரெண்டு மட்டும் மாத்திட்டு சீக்கிரம் வெளியே வந்துட்டார். திரும்ப ரேஸ் ஆரம்பிச்சு ரெண்டே சுற்றில் கதை முடிஞ்சது. லார்சன் மூணாவது, ஹேம்லின் ஆறாவது. பட்டம் லார்சனுக்கு.

அந்த ரேஸில் லார்சன் ஒரு சுற்றுகூட முன்னாடி ஓடல. அந்த வருஷம் ஹேம்லின் ஜெயிச்சது 6 ரேஸ், லார்சன் 3. ஃபீனிக்ஸ் ரேஸை ஜெயிச்சது இவங்க ரெண்டு பேருமே இல்லை, ரயன் பிளேனி.

குழப்பமா இருக்கா? பல வருஷமா பார்த்து வந்த ரசிகர்களுக்கும் இதே குழப்பம்தான். அப்புறம் அது வெறுப்பா மாறிடுச்சு. 2006-ல் டேடோனா 500 ரேஸை அமெரிக்க டிவியில் பார்த்தவங்க சுமார் 1 கோடியே 94 லட்சம் பேர். 2025-ல் அதே ரேஸைப் பார்த்தது சுமார் 68 லட்சம் பேர். மூணில் ரெண்டு பங்கு கூட்டம் கலைஞ்சு போச்சு. கடைசியில், 2026 ஜனவரியில், பட்டம் கொடுக்கிற முறையையே மாத்துறதா நாஸ்கார் அறிவிச்சது.

எங்கேயோ நடக்கிற ரேஸ் நமக்கு எதுக்குன்னு கேட்கலாம். காரைக்கால் பக்கம் சுரக்குடியில் எங்க பெரியப்பா ஒருத்தர் இருக்கார். சின்ன வயசுல மெட்ராஸில் வேலை பார்த்தவர். வருஷா வருஷம் சோழவரம் ரேஸுக்குப் போனவர். அவர்கிட்ட இந்த ஃபீனிக்ஸ் கதையைச் சொன்னேன். "அப்ப மத்த நாளெல்லாம் எதுக்குப்பா வண்டி ஓட்டுனாங்க?"ன்னு கேட்டார். நாஸ்கார் என்கிற பேரையே அன்னைக்குத்தான் கேள்விப்பட்டார். ஆனா விஷயம் இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கு.

'ஸ்டாக் கார்'னா என்ன?

ஃபார்முலா ஒன் காரைப் பார்த்திருப்பீங்க. ரேஸுக்குன்னே செஞ்ச வண்டி, ரோட்டில் ஓட்ட முடியாது. ஸ்டாக் கார் ஆரம்பத்தில் அப்படி இல்லை. ஷோரூமில் 'ஸ்டாக்' இருக்கிற, யார் வேணா வாங்கக்கூடிய அதே கார். அதை எடுத்துட்டு வந்து ஓட்டினாங்க. அதுதான் அந்தப் பேருக்கு அர்த்தம்.

இந்த விளையாட்டு பிறந்த கதையைக் காரைக்கால்காரங்களுக்கு விளக்கவே வேண்டாம். அமெரிக்காவின் தெற்கு மலைப்பகுதியில் காய்ச்சின சாராயத்தை, வரி கட்டாம, போலீஸ் கண்ணில் படாம ராத்திரியில் கார்ல ஏத்திட்டுப் போவாங்க. பார்க்க சாதாரண கார். உள்ளே இன்ஜினும் ஸ்பிரிங்கும் மட்டும் வேற. வாஞ்சூர், நண்டலாறு செக்போஸ்ட் பக்கம் பிடிபடுற வண்டிகளில் சீட்டுக்கு அடியில் ரகசிய அறை வெச்சிருந்தாங்கன்னு செய்தி படிக்கிறோமே, ஏறக்குறைய அதே புத்திதான். சாராயம் ஏத்தாத நாளில் யார் வண்டி வேகம்னு அவங்களுக்குள்ளேயே பந்தயம். 1948-ல் பில் ஃபிரான்ஸ் என்பவர் இதையெல்லாம் ஒரு அமைப்புக்குள்ள கொண்டுவந்தார். அதுதான் நாஸ்கார்.

1949-ல் சார்லட் நகரில் நடந்த முதல் 'ஸ்டாக்' ரேஸில் முதலில் வந்தவரைத் தகுதிநீக்கம் பண்ணிட்டாங்க. காரணம், சாராயம் கடத்த வசதியா பின்பக்க ஸ்பிரிங்கை மாத்தி வெச்சிருந்தது. ஜூனியர் ஜான்சன்னு ஒரு பெரிய ஓட்டுநர், 50 ரேஸ் ஜெயிச்சவர். சாராய வழக்கில் ஜெயிலுக்கே போனவர். 1986-ல் ஜனாதிபதி ரீகன் அவருக்கு மன்னிப்பு கொடுத்தார்.

ஆக, ஓட்டுறவன் பக்கத்து ஊர்க்காரன். ஓடுற வண்டி எதிர் வீட்டில் நிக்கிற வண்டி. ஃபோர்டு வெச்சிருக்கிறவர் ஃபோர்டு ஜெயிக்கணும்னு கத்துவார், செவர்லே வெச்சிருக்கிறவர் செவர்லேக்குக் கத்துவார். பெரியப்பா சோழவரத்தைப் பற்றிச் சொல்றதும் இதேதான். அங்கே வெளிநாட்டு ஃபார்முலா காரும் வந்தது. ஆனா பழைய விமான ஓடுதளத்தில் ஃபியட்டும் அம்பாசடரும் சீறிட்டுப் போறதைப் பார்க்கத்தான் அவருக்கு ஆசை. "நம்ம முதலாளி வெச்சிருக்கிற அதே ஃபியட்டுடா அது"ன்னு இப்பவும் சொல்வார்.

முதல் விரிசல்: எல்லா காரும் ஒரே காரா மாறினது

2007-ல் நாஸ்கார் 'கார் ஆஃப் டுமாரோ'ன்னு ஒரு புது வண்டியைக் கொண்டுவந்தது. எந்தக் கம்பெனியா இருந்தாலும் உடம்பு ஒரே அளவு, ஒரே வடிவம். ஃபோர்டா, டொயோட்டாவான்னு ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கணும். இதில் நியாயமான காரணமும் இருக்கு. 2001 பிப்ரவரி 18-ல் டேடோனா ரேஸின் கடைசிச் சுற்றில் டேல் எர்ன்ஹார்ட் செத்துப் போனார். ஏழு முறை சாம்பியன், லட்சக்கணக்கான ரசிகர்கள். அதுக்கப்புறம் பாதுகாப்பு முக்கியம்னு ஆச்சு. அதை யாரும் தப்பு சொல்ல முடியாது. 2001-க்குப் பிறகு அந்த உச்சப் பிரிவில் ரேஸ் நடக்கும்போது ஒரு ஓட்டுநர்கூட சாகல.

ஆனா 2022-ல் வந்த அடுத்த தலைமுறை காரில் பெரும்பாலான பாகங்களையே எல்லா அணிகளும் நாஸ்கார் சொல்ற ஒரே கம்பெனிகிட்ட வாங்கணும்னு ஆயிடுச்சு. செலவைக் குறைக்கிறது நோக்கம். நம்ம பக்கத்து உதாரணம் சொல்லணும்னா, காணும் பொங்கலுக்குத் திருக்கடையூரில் ரேக்ளா பந்தயம் நடக்கும். அதில் ஓடுற எல்லா மாட்டையும் பந்தயக் கமிட்டியே ஒரே கொட்டகையில் கட்டி, ஒரே தீனி போட்டு வளர்த்துக் கொடுத்தா எப்படி இருக்கும்? பந்தயம் நெருக்கமா இருக்கும், சந்தேகமே இல்லை. ஆனா அது யார் ஊர் மாடு?

இதோட ஊரையும் மாத்தினாங்க. வடக்கு வில்க்ஸ்பரோ என்கிற சின்ன ஊரில் தொடக்க காலத்திலிருந்து ரேஸ் நடந்தது. 1996-ல் அதை நிறுத்திட்டாங்க. டார்லிங்டனில் செப்டம்பர் முதல் வார விடுமுறைக்கு ரேஸ் நடக்கிறது திருவிழா மாதிரி ஒரு வழக்கம். 2004-ல் அந்தத் தேதியைக் கலிஃபோர்னியாவுக்குக் கொடுத்துட்டாங்க. புது ஊர் ரசிகர்களைப் பிடிக்கலாம்னு ஒரு கணக்கு. புது ரசிகர்கள் ரொம்ப நாள் நிக்கல, பழைய ஆட்களுக்கு மனசு விட்டுப்போச்சு. 2015-ல் டார்லிங்டனுக்குத் தேதியைத் திருப்பிக் கொடுத்தாங்க.

உண்மையான அடி: பட்டம் கொடுக்கிற கணக்கு

கார் மாறினதையும் ஊர் மாறினதையும்கூட பலர் பொறுத்துக்கிட்டாங்க. இந்தக் கணக்கைத்தான் பொறுக்க முடியல.

பழைய முறை ரொம்ப எளிமை. வருஷம் பூரா ஓட்டு, ஒவ்வொரு ரேஸுக்கும் புள்ளி, கடைசியில் யாருக்கு அதிகமோ அவர் சாம்பியன். 2003-ல் மாட் கென்செத் ஒரே ஒரு ரேஸ் ஜெயிச்சு, ஆனா எல்லா வாரமும் நல்ல இடத்தில் வந்து பட்டம் வாங்கினார். சீசன் முடியிறதுக்கு முன்னாடியே முடிவு தெரிஞ்சு போச்சு. டிவிக்கு இது பிடிக்குமா? அமெரிக்கக் கால்பந்தில் கடைசி ஒரே மேட்ச், நாடே டிவி முன்னாடி உட்காரும். நமக்கும் அப்படி ஒண்ணு வேணும்னு நாஸ்கார் ஆசைப்பட்டது.

2004-ல் 'சேஸ்' வந்தது. கடைசி 10 ரேஸுக்கு முன்னாடி இருக்கிறவங்களோட புள்ளியைச் சுருக்கி, கிட்டத்தட்ட ஒரே கோட்டில் நிறுத்திட்டாங்க. இது போதலைன்னு 2014-ல் இன்னும் ஒரு படி. 16 பேரை எடுத்து, மூணு ரேஸுக்கு ஒருமுறை நாலு பேரை வெளியேத்தி, கடைசி ரேஸுக்கு நாலே பேர். அந்த நாலு பேரில் அன்னைக்கு யார் முன்னாடி வர்றாரோ அவர் சாம்பியன். அதுவரை வாங்கின புள்ளிக்கு அன்னைக்கு மதிப்பே கிடையாது. 2017-ல் ஒவ்வொரு ரேஸையும் மூணு துண்டா வெட்டி, நடுவில் நிறுத்தி, துண்டுக்குத் துண்டு புள்ளி கொடுக்க ஆரம்பிச்சாங்க.

எஸ்எஸ்எல்சியில் எல்லா பாடத்திலும் முதல் மார்க் வாங்கின பிள்ளையையும், சுமாரா படிச்ச மூணு பிள்ளைகளையும் கூப்பிட்டு, "இப்போ ஒரு ஓட்டப்பந்தயம், இதில் முதல்ல வர்றவங்கதான் ஸ்கூல் ஃபர்ஸ்ட்"னு சொன்னா பெத்தவங்க சும்மா இருப்பாங்களா?

2024-ல் ஜோயி லோகானோ சாம்பியன் ஆனார். அந்த வருஷம் அவரோட சராசரி இடம் 17.1. நாஸ்கார் வரலாற்றில் ஒரு சாம்பியனுக்கு இதைவிட மோசமான சராசரி கிடையாது. அதிலும் நடுவில் ஒரு கட்டத்தில் அவர் வெளியேறிட்டார். அலெக்ஸ் போமன் கார் ரேஸ் முடிஞ்சு எடை போட்டப்போ குறைவா இருந்ததால அவரைத் தள்ளிட்டு, லோகானோவை உள்ளே இழுத்தாங்க. லோகானோ மேல தப்பு இல்லை, விதிப்படி விளையாடி ஜெயிச்சார். அடுத்த வருஷம்தான் ஹேம்லின் கதை.

தீவிர ரசிகர்னா யார்? பிப்ரவரி மாசம் மழையில் தள்ளிப்போன ரேஸையும் உட்கார்ந்து பார்க்கிறவர். தன் ஆள் எட்டாவது வந்தா, ஒன்பதாவது வரலையேன்னு சந்தோஷப்படுறவர். மனசுக்குள்ள ஒரு கணக்கு நோட்டு வெச்சிருக்கார். இந்தப் புது முறை அந்த நோட்டைக் கிழிச்சுப் போட்டுடுச்சு. எப்பவாவது பார்க்கிறவங்களை இழுக்கத்தான் கடைசி நாள் பரபரப்பை உருவாக்கினாங்க. எப்பவாவது பார்க்கிறவங்க எப்பவாவதுதான் வருவாங்க. வாரா வாரம் வந்தவர்தான் நின்னுட்டார்.

வேற காரணமே இல்லையா?

இருக்கு. 2008 பொருளாதார வீழ்ச்சியில் கூலி வேலை பார்க்கிற ரசிகர்களால் பெட்ரோல் போட்டு, ஹோட்டல் எடுத்து, டிக்கெட் வாங்கிப் போக முடியல. பிரிஸ்டல் மைதானத்தில் அப்போ சுமார் 1,60,000 இருக்கை. 1982-லிருந்து தொடர்ந்து 55 ரேஸுக்கு ஒரு டிக்கெட்கூட மிச்சமில்லாம வித்தது, 2010-ல் நின்னுபோச்சு. ஜெஃப் கார்டன், டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர், ஜிம்மி ஜான்சன்னு பெரிய பேர்கள் சில வருஷங்களுக்குள் ஒவ்வொருத்தரா ஓய்வெடுத்தாங்க. 2020-ல் கறுப்பின மக்களை ஒடுக்கின காலத்தை நினைவுபடுத்துற கூட்டமைப்புக் கொடிக்கு மைதானத்தில் தடை போட்டாங்க. அதில் கோபப்பட்டுப் போனவங்களும் உண்டு. அதுக்காக அந்தத் தடை தப்புன்னு ஆகாது. இப்போ ஒரே சீசனைப் பார்க்க ஃபாக்ஸ், அமேசான், டிஎன்டி, என்பிசின்னு நாலு இடத்துக்கு அலையணும்.

"டிவி பார்க்கிறதே எல்லா இடத்திலும் குறைஞ்சுபோச்சு"ன்னும் சொல்வாங்க. அதுவும் உண்மைதான். ஆனா அதே காலத்தில் அமெரிக்கக் கால்பந்து இப்படிச் சரியல.

ரசிகர்களுக்குப் பாசம் இல்லாம போகலைங்கிறதுக்கு நம்ம ஊர் சாட்சியே ஒண்ணு இருக்கு. 2010-ல் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் நாஸ்காரின் டிரக் பிரிவில் ஓட்டினார். மார்ட்டின்ஸ்வில்லில் முதல் ரேஸிலேயே 13-வது இடம். அந்த வருஷம் ரசிகர்கள் ஓட்டுப் போட்டு அவரையே அந்தப் பிரிவின் பிரபல ஓட்டுநராத் தேர்ந்தெடுத்தாங்க. அந்த விளையாட்டின் விதி ஒண்ணுகூடத் தெரியாத இந்திய ரசிகர்களும் இணையத்தில் ஓட்டுப் போட்டாங்க. 'நம்ம ஆளு' என்கிற ஒரே காரணம் போதுமா இருந்தது.

இப்போ என்ன மாறுது?

கடைசி ரேஸில் நாலு பேர் கணக்கு இனி இல்லை. வெளியேத்துறதும் இல்லை. ஒரு ரேஸ் ஜெயிச்சுட்டா நேரா உள்ளே என்கிற சலுகையும் கிடையாது. 26 ரேஸ் முடிவில் புள்ளிப் பட்டியலில் முதல் 16 பேர். கடைசி 10 ரேஸில் யாருக்கு அதிகப் புள்ளியோ அவர் சாம்பியன். ஒரு வெற்றிக்கு 40 புள்ளியா இருந்தது 55 ஆகுது. அதாவது 2004-ல் எதைக் கொண்டுவந்தாங்களோ, ஏறக்குறைய அங்கேயே திரும்பி வந்திருக்காங்க. பழைய ரசிகர்களில் ஒரு பகுதியினர் இதுவே போதாது, வருஷம் பூரா கணக்கு வேணும்னு கேட்டாங்க. அது கிடைக்கல. பாதி வழிதான்.

என் கணிப்பு, போனவங்க எல்லாரும் திரும்ப மாட்டாங்க. இருபது வருஷம் சின்ன காலம் இல்லை. அப்பா பார்க்கிறதை நிறுத்தின வீட்டில் பிள்ளை பார்க்கவே ஆரம்பிக்கலை. சோழவரத்திலும் அதுதான் நடந்தது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான ரேஸ் டிராக் வந்தது, நல்ல தரம், நல்ல பாதுகாப்பு. பெரியப்பா ஒருமுறைகூட அங்கே போகல. 2024-ல் சென்னைத் தீவுத்திடலைச் சுத்தி ராத்திரி ரேஸ் நடந்தப்போ டிவியில் போட்டுக் காட்டினேன். பத்து நிமிஷம் பார்த்தார். "இதுல ஃபியட் இல்லையா?"ன்னு கேட்டுட்டு எழுந்து போயிட்டார்.

2026 சீசன் பிப்ரவரி 15-ல் டேடோனாவில் தொடங்குது. பட்டத்தைத் தீர்மானிக்கிற 10 ரேஸ், செப்டம்பரில், அந்தப் பழைய விடுமுறை வாரத்தில், டார்லிங்டனில் ஆரம்பிக்கும். கடைசி ரேஸ் நவம்பர் 8, மயாமி பக்கம் ஹோம்ஸ்டெட்.