தடுத்ததைச் சொல்லாத போர்ட்

சிஸ்கோ கேட்டலிஸ்ட் ஸ்விட்ச்சில் போர்ட் செக்யூரிட்டியை இயக்கிவிட்டு வேறெதையும் தொடாவிட்டால், அந்தப் போர்ட் ஒரே ஒரு மேக் முகவரியைத்தான் ஏற்கும். இரண்டாவது முகவரி தலைகாட்டியதும் 'எர்-டிசேபிள்ட்' ஆகி மூடிக்கொள்ளும். ஐபி போனுக்குப் பின்னால் கணினியை இணைத்திருக்கும் அலுவலகங்களில் இதன் விளைவு நாம் அறிந்ததே: காலையிலேயே புகார் அழைப்புகள் வரிசைகட்டும்.

அழைப்புகளுக்கு அஞ்சி 'புரொடெக்ட்' என்ற மீறல் முறைக்கு மாறுவது எளிது. போர்ட் மூடாது, புகாரும் குறையும். ஆனால் அந்த முறையில் மீறல் எண்ணிக்கை ஏறாது. சிஸ்லாக்கில் ஒரு வரிகூட விழாது. யாராவது சின்ன ஸ்விட்ச் ஒன்றைச் செருகினாரா, போலி மேக் முகவரிகளைக் கொட்டி முகவரி அட்டவணையை நிரப்பப் பார்த்தாரா என்பது நமக்குத் தெரியவே தெரியாது. 'ரெஸ்ட்ரிக்ட்' முறையும் மிகையான ஃப்ரேம்களைத் தள்ளிவிடும். ஆனால் எண்ணிக்கை வைக்கும், பதிவும் செய்யும். போன் இருக்கும் போர்ட்டில் உச்சவரம்பை 2 அல்லது 3 ஆக்குவதே புகாருக்குத் தீர்வு. மீறலை மறைப்பது தீர்வாகாது.

ஏசிஎல் எனும் அணுகல் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் இதே நிலைதான். பட்டியலின் அடியில் நாம் எழுதாமலே ஒரு 'டினை' நிற்கிறது. அது எதைத் தடுத்தது என்று சொல்லாது. விலான் இன்டர்ஃபேஸில் பொருத்தும் பட்டியலில் 'டினை ஐபி எனி எனி லாக்' என்ற கடைசி வரியை நாமே எழுதினால்தான், எந்தக் கணினி எங்கே போக முயன்றது என்பது தெரியவரும். பதிவு செய்வது சிபியுவுக்குச் சுமை என்பதால், வழக்கமான வெட்டி டிராஃபிக்கை அதற்கு மேலேயே லாக் இல்லாத வரிகளால் கழித்துவிட வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. உச்சவரம்பு, முகவரியைக் கற்று கான்ஃபிகில் சேர்க்கும் ஸ்டிக்கி, மீறல் முறை மூன்றையும் எழுதிவிட்டு, 'ஸ்விட்ச்போர்ட் போர்ட்-செக்யூரிட்டி' என்ற தனிக் கட்டளையை விட்டுவிட்டால் எதுவுமே செயல்படாது. கான்ஃபிகைப் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். 'ஷோ போர்ட்-செக்யூரிட்டி இன்டர்ஃபேஸ்' கொடுத்துப் பார்த்தால்தான் 'டிசேபிள்ட்' என்ற உண்மை தெரியும்.

மேக் முகவரியை யாரும் போலியாக வைத்துக்கொள்ளலாம். ஆளை அடையாளம் காண்பது 802.1எக்ஸின் வேலை; போர்ட் செக்யூரிட்டியால் அது ஆகாது. அதனாலேயே போர்ட் செக்யூரிட்டி தரும் பதிவுகள் நமக்கு இன்னும் முக்கியம்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் ஸ்விட்ச்சுகளில் 'புரொடெக்ட்' எங்கெல்லாம் இருக்கிறது என்று இந்த வாரமே தேடுங்கள். அதை 'ரெஸ்ட்ரிக்ட்' ஆக்குங்கள். பதிவுகளை ஒரு சிஸ்லாக் சர்வருக்கு அனுப்பி, தினமும் அவற்றைப் படிக்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படையுங்கள்.