ஒரு பழி... ஐந்து வேஷம்! 14 வருட சிறைக்குக் கணக்கு தீர்க்க வந்த எட்மண்ட் | நாவல் உலா

காட்டிக்கொடுத்தவர்கள் நால்வரும் அவனோடு கைகுலுக்கினார்கள், பேசினார்கள், அவனை விருந்துக்கு அழைத்தார்கள். அவன் யாரென்று மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. ‘தி கவுன்ட் ஆஃப் மான்டி கிறிஸ்டோ’ நாவலில் வேஷம் எப்படி வேலை செய்கிறது? அதற்கு அவன் கொடுத்த விலை என்ன?

1815, பிப்ரவரி 24. பிரான்ஸின் மார்செய் துறைமுகத்துக்குள் ‘ஃபரவோன்’ என்ற கப்பல் நுழைகிறது. கேப்டன் நடுக்கடலிலேயே இறந்துவிட்டார். கப்பலைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தவன் எட்மண்ட் டான்டெஸ். வயது 19. முதலாளி மொரேல் அடுத்த கேப்டன் பதவி அவனுக்குத்தான் என்கிறார். வீட்டில் வயதான அப்பா, கரையில் காதலி மெர்சிடிஸ். ஒரு இளைஞனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அந்தச் சந்தோஷம்தான் சிலர் கண்ணை உறுத்தியது. கப்பலின் கணக்கன் டாங்லாருக்குப் பதவியில் பொறாமை. மெர்சிடிஸின் உறவுக்காரன் ஃபெர்னாண்டுக்கு அவள் மேல் ஆசை. எட்மண்டை நெப்போலியனின் ரகசிய ஆள் என்று சொல்லி, கையெழுத்து தெரியாதபடி இடது கையால் ஒரு மொட்டைக் கடிதம் எழுதினான் டாங்லார். அதைத் தபாலில் சேர்த்தவன் ஃபெர்னாண்ட். பக்கத்து வீட்டுத் தையல்காரன் கதரூஸ் எல்லாவற்றையும் பார்த்தும் பயத்தில் வாயைத் திறக்கவில்லை. நிச்சயதார்த்த விருந்தில் வைத்தே எட்மண்ட் கைதானான்.

விசாரித்த அரசு வழக்கறிஞர் வில்ஃபோருக்கு அவன் நிரபராதி என்று புரிந்துவிட்டது. ஆனால், எட்மண்டிடம் இருந்த கடிதம் வில்ஃபோரின் சொந்த அப்பாவுக்கு வந்தது. வெளியே தெரிந்தால் தன் பதவி போய்விடும். கடிதத்தைக் கொளுத்திவிட்டு, கடல் நடுவே இருந்த ஷட்டோ டிஃப் கோட்டைச் சிறைக்கு அவனை அனுப்பிவைத்தான். வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை. 14 வருடங்கள்!

சிறையில் கிடைத்த வாத்தியார்

தற்கொலையின் விளிம்பில் இருந்தவனைக் காப்பாற்றியது பக்கத்து அறையில் கேட்ட சுரண்டல் சத்தம். தப்பிக்கச் சுரங்கம் தோண்டிய பாதிரியார் ஃபாரியா, திசை தவறி எட்மண்டின் அறைக்கே வந்து சேர்ந்தார். மொழிகள், கணிதம், வரலாறு, அறிவியல் என்று தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அவனுக்குக் கற்றுக்கொடுத்தார். கூடவே, ‘உன்னை உள்ளே தள்ளியதால் யாருக்கு லாபம்?’ என்ற கோணத்தில் கேள்விமேல் கேள்வி கேட்டு, துரோகிகள் யாரென்பதையும் அவனையே கண்டுபிடிக்க வைத்தார். அப்படி வைத்ததற்காக அப்போதே வருத்தமும் பட்டார். அவன் நெஞ்சுக்குள் பழியுணர்ச்சி விழுந்துவிட்டது அந்தப் பெரியவருக்குத் தெரிந்தது.

ஃபாரியா என்ற பெயருக்குப் பின்னால் ஓர் இந்தியர் இருக்கிறார். 1756-ல் கோவாவில் பிறந்து, பாரிஸில் ஹிப்னாடிசம் செய்துகாட்டிப் பிரபலமான பாதிரியார் அபே ஃபாரியா நிஜ மனிதர். நாவலில் அவரை இத்தாலிய அறிஞராக மாற்றிக்கொண்டார் எழுத்தாளர் அலெக்ஸாண்டர் டூமா. பனாஜியில் இன்றும் அவருக்குச் சிலை இருக்கிறது.

ஃபாரியா இறந்ததும், அவர் உடலை வைத்துத் தைத்த சாக்குக்குள் எட்மண்ட் புகுந்துகொண்டான். புதைப்பார்கள், மண்ணைத் தோண்டி வெளியே வந்துவிடலாம் என்பது கணக்கு. ஆனால், அந்தச் சிறைக்குக் கடல்தான் சுடுகாடு. காலில் இரும்புக் குண்டைக் கட்டித் தூக்கி எறிந்தார்கள். தண்ணீருக்குள் சாக்கைக் கிழித்துக்கொண்டு நீந்தித் தப்பினான். ஃபாரியா சொன்னபடியே மான்டி கிறிஸ்டோ தீவில் புதையலும் கிடைத்தது.

முதல் வேஷம்... கண்ணாடியில் தெரிந்த முகம்!

தப்பித்தவன் இத்தாலியின் லிவோர்னோ ஊரில் முடிதிருத்தும் கடைக்குப் போகிறான். 14 வருடங்களுக்குப் பிறகு முதல்முறையாகக் கண்ணாடி பார்க்கிறான். தன் முகமே அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. நாவலின் முக்கியமான ரகசியம் இங்கேதான் இருக்கிறது. பிற்பாடு கவுன்டாக பாரிஸுக்குள் நுழையும்போது அவன் முகத்தில் பெரிய ஒப்பனை எதுவும் கிடையாது. சிறை செய்துவிட்ட முகம் அது. அதற்கு மேலே தேவைப்பட்டதெல்லாம் பணமும் ஒரு பட்டமும்தான்.

மற்ற வேஷங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை வைத்திருந்தான்.

பாதிரியார் புசோனி: உண்மையை வெளியே வரவழைக்கும் வேஷம். கதரூஸ் நடத்தும் சத்திரத்துக்கு வந்து, ‘எட்மண்ட் சிறையில் இறந்துவிட்டான். இந்த வைரத்தை விற்று நண்பர்களுக்குப் பங்கிடச் சொன்னான்’ என்கிறார் புசோனி. நண்பர்கள் பட்டியலில் டாங்லார், ஃபெர்னாண்ட் பெயர்களும் இருக்கின்றன. துரோகிகளுக்குப் பங்கா என்று பொறுக்க முடியாமல் கதரூஸ் நடந்ததையெல்லாம் கொட்டிவிடுகிறான். அப்பா பட்டினி கிடந்து இறந்தார் என்பதையும், மெர்சிடிஸ் ஃபெர்னாண்டின் மனைவியாகிவிட்டாள் என்பதையும் பாதிரியார் அங்கியோடு உட்கார்ந்து, கண் கலங்காமல் கேட்டாக வேண்டிய நிலை எட்மண்டுக்கு.

வங்கி குமாஸ்தா, சிந்துபாத்: இவை இரண்டும் நன்றிக்கடன் தீர்க்க. நல்லவரான மொரேல் கடனில் மூழ்கிக்கொண்டிருக்கிறார். ரோமாபுரி வங்கியின் குமாஸ்தாவாக வந்து அவர் கடன்களை வாங்கிக்கொண்டு மூன்று மாதம் அவகாசம் தருகிறான். கெடு முடியும் நாளில் அவமானம் தாங்காமல் மொரேல் துப்பாக்கியை எடுக்கும் நேரம், ‘மாலுமி சிந்துபாத்’ பெயரில் ஒரு சிவப்புப் பட்டுப் பை வந்து சேர்கிறது. எட்மண்டின் அப்பா கஷ்டப்பட்ட காலத்தில் மொரேல் பணம் வைத்துவிட்டுப் போன அதே பை!

லார்ட் வில்மோர்: பணக்கார ஆங்கிலேயன், கொஞ்சம் கிறுக்கு. கவுன்டைக் கண்டாலே ஆகாதவன் போல நடிக்க ஒரு முகம். எதற்கு என்கிறீர்களா? அதுதான் நாவலின் ரகளையான இடம்.

வேஷத்துக்கு எதிரே வேஷம்

யார் இந்தக் கவுன்ட் என்று வில்ஃபோருக்குச் சந்தேகம். போலீஸ் அதிகாரி போல மாறுவேடமிட்டுத் தானே விசாரிக்கக் கிளம்புகிறான். கவுன்டின் நண்பர் என்று முதலில் புசோனியைப் பார்க்கிறான், அவர் நல்லவிதமாகச் சொல்கிறார். அடுத்து கவுன்டின் எதிரி என்று வில்மோரைப் பார்க்கிறான், அவர் கவுன்டைத் திட்டித் தீர்க்கிறார். நண்பனிடமும் கேட்டாயிற்று, எதிரியிடமும் கேட்டாயிற்று. பயப்பட ஒன்றுமில்லை என்று நிம்மதியாக வீடு திரும்புகிறான்.

அவன் போனதும் வில்மோர் செம்பட்டை மீசையையும் போலித் தழும்பையும் கழற்றுகிறார். உள்ளே இருப்பது கவுன்ட்! வில்ஃபோர் விசாரித்த நண்பன், எதிரி இருவருமே அவன்தான். இரண்டு பக்கத் தகவலும் ஒரே இடத்திலிருந்து வந்தால் என்ன ஆகும் என்பது, வாட்ஸ்அப் குழுக்களில் ஃபார்வர்டு பார்த்துப் பழகியவர்களுக்குச் சொல்லாமலே புரியும்.

கத்தி எடுக்காத பழி

எட்மண்ட் தன் முக்கிய எதிரிகள் எவரையும் கையால் தொடவில்லை. எந்தத் தப்பினால் அவர்கள் உயர்ந்தார்களோ, அதே தப்பைத் தோண்டி எடுத்து வெளிச்சத்தில் வைத்தான்.

ஃபெர்னாண்ட் இப்போது பிரபு. தன்னை நம்பிய ஜனினா ஆட்சியாளர் அலி பாஷாவைக் காட்டிக்கொடுத்துச் சேர்த்த சொத்து அது. அலி பாஷாவின் மகள் ஹைதியே பிரபுக்கள் சபையில் வந்து சாட்சி சொல்ல, ஒரே நாளில் மானம் போகிறது. ஆத்திரத்தில் கவுன்டைச் சண்டைக்கு அழைக்க வருகிறான் ஃபெர்னாண்ட். ‘நீ யார்?’ என்று கத்துகிறான். கவுன்ட் உள்ளே போய் பழைய மாலுமிச் சட்டையும் தொப்பியும் அணிந்து வந்து நிற்கிறான். வேஷம் போட்டல்ல, வேஷத்தைக் கலைத்துக் கொடுத்த அடி அது. அலறியடித்து வீட்டுக்கு ஓடும் ஃபெர்னாண்ட், மனைவியும் மகனும் தன்னை விட்டுப் போவதைப் பார்த்தபடி தன்னைத்தானே சுட்டுக்கொள்கிறான்.

டாங்லார் இப்போது பெரிய வங்கி முதலாளி. அந்தக் காலத்து அவசரச் செய்திகள், கோபுரத்துக்குக் கோபுரம் சைகை காட்டும் தந்தி முறையில் போயின. தோட்ட வேலையில் பிரியமுள்ள ஒரு ஏழைத் தந்தி ஊழியருக்கு 25,000 பிராங்க் கொடுத்து, ஸ்பெயினைப் பற்றி ஒரு பொய்ச் செய்தியை அனுப்ப வைக்கிறான் கவுன்ட். அதை நம்பிப் பத்திரங்களை அவசரமாக விற்று டாங்லார் பெருநஷ்டம் அடைகிறான். போலிச் செய்தியால் சந்தையை ஆட்டிவைக்கும் வித்தையை 1840-களிலேயே கதையில் எழுதிவிட்டார் டூமா!

ஒரே ஒருத்திக்குத் தெரிந்தது

அத்தனை கெட்டிக்காரத்தனமும் ஒரு பெண்ணிடம் மட்டும் பலிக்கவில்லை. கவுன்டின் குரலைக் கேட்ட முதல் சந்திப்பிலேயே மெர்சிடிஸின் முகம் வெளுத்துவிடுகிறது. தன் வீட்டு விருந்தில் அவன் ஏதாவது சாப்பிடுகிறானா என்று கவனிக்கிறாள். திராட்சையைத் தன் கையாலேயே பறித்துக் கொடுக்கிறாள், மறுக்கிறான். எதிரி வீட்டில் கை நனைக்கக் கூடாது என்ற வைராக்கியம். அவளுக்குப் புரிந்துவிடுகிறது.

பிறகு, தன் மகன் ஆல்பெர்ட் கவுன்டோடு துப்பாக்கிச் சண்டைக்கு நாள் குறித்த இரவில், அவள் தனியாக வந்து நிற்கிறாள். கவுன்ட் என்று கூப்பிடவில்லை, ‘எட்மண்ட்’ என்கிறாள். அந்த ஒரு சொல்லில் ஐந்து வேஷமும் உதிர்ந்துபோகிறது. பிள்ளையைக் கொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்து, தானே சாகத் தயாராகிறான். அம்மாவிடம் உண்மையை அறிந்த ஆல்பெர்ட் மறுநாள் எல்லோர் முன்னாலும் மன்னிப்பு கேட்டதால்தான் இருவரும் பிழைத்தார்கள்.

மற்றவர்களுக்கு ஏன் தெரியவில்லை? அவர்கள் எட்மண்டை என்றுமே ஒரு மனிதனாகப் பார்த்ததில்லை. அவன் ஒருவனுக்குப் போட்டி, இன்னொருவனுக்குத் தடை, மூன்றாமவனுக்கு ஆபத்து. அழித்ததோடு மறந்தும்விட்டார்கள். அவனை நேசித்தவளுக்கு மட்டும் குரலே போதுமாக இருந்தது.

கணக்கு எங்கே தப்பியது?

வில்ஃபோரின் இரண்டாவது மனைவி, தன் மகனுக்குச் சொத்து சேர வேண்டும் என்று குடும்பத்தினரை ஒவ்வொருவராக விஷம் வைத்துக் கொல்கிறாள். விஷங்களைப் பற்றி அவளிடம் விளக்கமாகப் பேசி, அந்த எண்ணத்துக்குத் தண்ணீர் ஊற்றியவன் கவுன்ட். எதிரியின் வீடு தானாக எரியட்டும் என்று நினைத்தான். குட்டு வெளிப்பட்டதும் அவள் தானும் செத்து, சிறுவன் எட்வர்டையும் கொன்றுவிடுகிறாள்.

அந்த நேரத்தில்தான் புசோனி வேஷத்தைக் கலைத்து, ‘நான் எட்மண்ட்’ என்று வில்ஃபோர் முன்னால் நிற்கிறான். வில்ஃபோர் அவன் கையைப் பிடித்து இழுத்துப்போய் இரண்டு பிணங்களையும் காட்டுகிறான். பிறகு புத்தி பேதலித்துத் தோட்டத்தில் மண்ணைத் தோண்டத் தொடங்குகிறான். குழந்தையைப் பிழைக்கவைக்க எட்மண்ட் என்னென்னவோ செய்து பார்க்கிறான். முடியவில்லை.

தன்னைக் கடவுளின் கையாக நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு முதல்முறையாகச் சந்தேகம் வருகிறது. பழைய சிறைக்கே ஒருமுறை போய்ப் பார்க்கிறான். கடைசி எதிரியான டாங்லார் அப்போது கொள்ளையர் பிடியில், ஒரு கோழிக்கு ஒரு லட்சம் பிராங்க் கொடுத்துக்கொண்டிருக்கிறான். பணம் கரைந்து, எட்மண்டின் அப்பாவைப் போலவே பட்டினியின் எல்லைக்கு வந்தவனை, கொல்லாமல் மன்னித்து விடுகிறான். அந்த மன்னிப்பு எட்வர்ட் என்ற குழந்தை கொடுத்த விலை.

டூமாவின் வீட்டுக் கதை

1844 ஆகஸ்டில் தொடங்கி 1846 ஜனவரி வரை பாரிஸ் நாளிதழ் ஒன்றில் தொடர்கதையாக வந்தது இந்த நாவல். மொத்தம் 117 அத்தியாயங்கள். கதையமைப்பில் டூமாவுக்குக் கைகொடுத்தவர் ஒகுஸ்ட் மக்கே. கரு கிடைத்தது, போலீஸ் ஆவணக் காப்பாளர் ஜாக் பெஷேயின் நூலில் இருந்த பிக்கோ என்ற செருப்புத் தொழிலாளியின் கதையிலிருந்து. அதிலும் பொய்ப் புகார், சிறை, புதையல், பாதிரியார் வேஷம், வைரம் எல்லாம் உண்டு. ஆனால், அந்த பிக்கோ நிறுத்தவில்லை. கொன்றுகொண்டே போனான், கடைசியில் தானும் கொலையானான். எட்மண்டை நிறுத்த வைத்தது டூமாவின் பேனா.

டூமாவின் அப்பா கதையும் இதில் கலந்திருக்கிறது. கரீபியத் தீவில் அடிமைத் தாய்க்குப் பிறந்து, பிரெஞ்சுப் படையில் ஜெனரலாக உயர்ந்தவர் தாமஸ் அலெக்ஸாண்டர் டூமா. இத்தாலியில் இரண்டு ஆண்டுகள் சிறைப்பட்டு, உடல் நொறுங்கித் திரும்பினார். 1806-ல் அவர் இறந்தபோது மகனுக்கு நான்கு வயதுகூட ஆகவில்லை. சிறையில் தொலைந்த ஒரு மனிதனுக்கு நியாயம் கேட்கும் கதையை அந்த மகன் ஏன் இவ்வளவு ஆவேசமாக எழுதினார் என்பது இங்கே புரிகிறது.

2024-ல் பியர் நினே நடிப்பில் பிரெஞ்சுத் திரைப்படமாகவும் வந்தது இந்தக் கதை. புத்தகமாகப் படிக்க விரும்பினால், காப்புரிமை முடிந்த பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பக்கங்களைப் பார்த்து மிரள வேண்டாம். தொடராக எழுதப்பட்டது என்பதால், மொபைலில் தினம் ஓர் அத்தியாயம் என்று படித்தாலும் விறுவிறுப்பு குறையாது.

முடிவில் மெர்சிடிஸ், எட்மண்டின் அப்பா வாழ்ந்த அதே சின்ன வீட்டில் தனியாக இருக்கிறாள். எட்மண்ட் ஹைதியோடு கப்பலேறிப் போய்விடுகிறான். கணக்கு தீர்ந்தது, எதிரிகள் விழுந்தார்கள். ஆனால், 19 வயதில் நிச்சயதார்த்தப் பந்தியில் பறிபோனது எதுவும் திரும்பவில்லை.

உங்களுக்கு அநியாயம் செய்தவர் நாளை அடையாளம் தெரியாமல் உங்கள் எதிரே வந்து கைநீட்டினால் என்ன செய்வீர்கள்? கமென்ட்டில் சொல்லுங்கள்!