வர்றது ஆயிரம்... போறது ஆயிரம்! ஏழை வீட்டு பட்ஜெட்டில் மூன்று ஓட்டை

சென்னை:
மாசம் பொறந்தா வாடகை. 5-ம் தேதி கேஸ். 10-ம் தேதி பால் கார்டு. 15-ம் தேதிக்குள் பர்ஸ் காலி. அப்புறம் அண்ணாச்சி கடை நோட்டுதான் துணை.

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, காசிமேடு, கண்ணகி நகர்... எந்தப் பக்கம் போனாலும் கூலி வேலை பார்க்கிற வீடுகளில் இதுதான் கதை. சம்பளம் கொஞ்சம் ஏறியிருக்கு. அரசாங்கப் பணமும் வருது. ஆனாலும் கையில் நிக்க மாட்டேங்குது. ஏன்?

'வெலவாசி ஏறிப்போச்சு' என்று ஒரே வார்த்தையில் முடித்து விடுகிறோம். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி, விலையை விட்டு வேறு இடத்தில் இருக்கிறது. பேப்பர், பேனா எடுத்து உட்கார்ந்தால் புரிந்து விடும். கீழே வரும் கணக்கு 2025-ம் வருஷத்து விலையில் போட்டது.

வறுமை 2 சதவீதம்தானா?

முதலில் அரசு சொல்லும் கணக்கு. மத்திய அரசின் நிதி ஆயோக் 2023-ல் ஒரு அறிக்கை வெளியிட்டது. தமிழ்நாட்டில் ஏழைகள் 2.20 சதவீதம் பேர்தான் என்று அதில் இருந்தது. 2015-16ல் இது 4.76 சதவீதம். அதாவது பாதிக்கு மேல் குறைந்து விட்டது.

கேட்க சந்தோஷம்தான். பொய்யும் இல்லை. ஆனால் அந்தக் கணக்கை எப்படிப் போட்டார்கள் என்று பார்க்க வேண்டும். சத்தான சாப்பாடு, பிள்ளைகள் படிப்பு, சமையல் கேஸ், கழிப்பறை, குடிதண்ணீர், கரண்ட், வீடு, பேங்க் கணக்கு என்று மொத்தம் 12 விஷயங்கள். இதில் பல வீட்டில் இருந்தால் நீங்கள் ஏழை கிடையாது.

தமிழ்நாட்டில் கரண்ட் இல்லாத வீடு அபூர்வம். பேங்க் பாஸ்புக் இல்லாத குடும்பத் தலைவியும் குறைவு. அதனால் பட்டியலில் பெயர் வராது.

ஆனால் அந்த 12-ல் வாடகை இல்லை. கடன் இல்லை. வட்டி இல்லை. கேஸ் அடுப்பு இருக்கா என்று கேட்பார்கள். சிலிண்டர் வாங்க யார் கிட்ட கைமாத்து வாங்கினே என்று கேட்க மாட்டார்கள். நம்ம ஊர் ஏழ்மை ஒளிஞ்சிருக்கிற இடமே அதுதான்.

கேஸ் படுத்திய பாடு

சிலிண்டரையே எடுத்துக்குங்க. 2023 மார்ச்சில் சென்னையில் வீட்டு சிலிண்டர் 1,118 ரூபாய் 50 காசு. ஆகஸ்ட் கடைசியில் 200 ரூபாய் குறைத்தார்கள். 2024 மார்ச்சில் இன்னொரு 100 குறைந்து 818 ரூபாய் 50 காசுக்கு வந்தது. 2025 ஏப்ரலில் மறுபடி 50 ஏறி 868 ரூபாய் 50 காசு ஆனது. மாடி ஏறி கொண்டு வருபவருக்குக் கொடுப்பது தனி.

காய்கறியோ ஒரே ஆட்டம். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, சென்னையில் ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்கும் நிலை வந்தது. பிறகு இறங்கியது. மறுபடி ஏறியது.

ஏறின விலை இறங்கலாம். ஆனா ஏறின மாசத்தில் வாங்கின கடன் இறங்காது. அது அடுத்த மாசத்துக்கும் கூடவே வரும். இதுதான் ஏழை வீட்டுக்கும் மாசச் சம்பள வீட்டுக்கும் உள்ள வித்தியாசம்.

உதவிகள் இல்லாமல் இல்லை

அரசு ஒண்ணும் செய்யலைன்னு சொன்னால் நாக்கு அழுகிப் போகும். அரிசி கார்டுக்கு ரேஷன் அரிசி 2011 ஜூன் முதல் இலவசம். ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளிக்கடையில் இரண்டுமே 100 ரூபாய்க்கு மேல். இந்த இரண்டு பொருளிலேயே மாசம் 150 ரூபாய் மிச்சம்.

சாதாரண டவுன் பஸ்சில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது 2021 மே மாதம் வந்தது. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநில திட்டக்குழு ஆய்வு சொன்னது. கண்ணகி நகர், பெரும்பாக்கத்தில் இருந்து வீட்டு வேலைக்குப் போகும் பெண்களைக் கேட்டால் இதன் அருமை தெரியும். கட்டணமில்லா பஸ் வராமல் ஷேர் ஆட்டோவில் ஏறினால் அன்றைய மிச்சம் அங்கேயே போய் விடும் என்பது வேறு கதை.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு காலைச் சாப்பாடு 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசு தொடக்கப்பள்ளிக்கும் வந்தது. குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை 2023 செப்டம்பர் 15-ல் காஞ்சிபுரத்தில் தொடங்கியது. முதல் கட்டத்திலேயே 1 கோடியே 6 லட்சம் பெண்கள்.

இத்தனை வந்தும் ஏன் பற்றவில்லை? பானையில் தண்ணி ஊத்துறாங்க, சரி. பானையில் ஓட்டை இருக்கே! அது ஒண்ணு இல்ல, மூணு.

ஓட்டை 1: சப் மீட்டர்

தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்தில் இரண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 2016 மே மாதம் வந்த உத்தரவு இது. ஒரு ஃபேன், இரண்டு லைட், ஒரு டி.வி. என்று சிக்கனமாக இருக்கும் வீட்டுக்கு பில்லே வராது.

ஆனால் வாடகை வீட்டில் இருப்பவருக்கு? ஒரே வீட்டில் நாலு போர்ஷன். மின்வாரிய மீட்டர் ஒன்று. உள்ளே ஆளுக்கொரு சப் மீட்டர். 'யூனிட்டுக்கு 8 ரூபா' என்பார் ஹவுஸ் ஓனர். சில இடத்தில் 9, சில இடத்தில் 10.

கணக்கு போடுங்க. இரண்டு மாசத்தில் 100 யூனிட் எரிந்தால் சொந்த மீட்டர் வீட்டுக்கு பில் பூஜ்யம். வாடகை வீட்டுக்காரருக்கு 800 ரூபாய். மாசத்துக்கு 400. ஏழைக்குன்னு கொடுத்த இலவச கரண்டுக்கு ஏழையே காசு கட்டுகிறார்!

ஓனர் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கு. நாலு குடித்தனமும் ஒரே மீட்டரில் ஓடினால் மொத்த யூனிட் ஏறும். யூனிட் ஏற ஏற ரேட்டும் ஏறும். 'எனக்கே பில் கட்டி மாளலை' என்கிறார்கள். தப்பு ஒருத்தர் மேல் மட்டும் இல்லை. குடித்தனத்துக்கு ஒரு மீட்டர் என்று வந்தால்தான் இது தீரும்.

ஓட்டை 2: சில்லறைக் கொள்முதல்

பணம் இருக்கிறவர் மாசச் சாமான் மொத்தமாக வாங்குகிறார். தினக்கூலிக்காரர் அன்னன்னைக்கு வாங்குகிறார். கால் கிலோ பருப்பு, 100 மில்லி எண்ணெய், 10 ரூபாய்க்கு புளி. ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒண்ணு ரெண்டு ரூபாய் கூட. கடன் நோட்டு என்றால் விலை பேசவே முடியாது. (ஷாம்பு பாக்கெட் மட்டும் விதிவிலக்கு. பாட்டிலை விட அதுவே பல நேரம் மலிவு!)

வரியிலும் இதே கூத்துதான். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. உடனே கடைகளில் 26 கிலோ மூட்டை வந்து விட்டது. அதற்கு வரி இல்லை! மூட்டையாக வாங்க முடிந்தவர் தப்பித்தார். 5 கிலோ பை வாங்குபவர் வரி கட்டினார். சாக்கில் இருந்து அளந்து போடும் சில்லறை அரிசிக்கும் வரி இல்லை. இது பல பேருக்குத் தெரியாது. 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, ஷாம்பு, பேஸ்ட் வரி 18-ல் இருந்து 5 ஆகக் குறைந்தது. குறைந்த விலைதான் வாங்குகிறார்களா என்று எம்.ஆர்.பி.யைப் பார்த்து வாங்குங்க.

ரேஷன் சரியாகக் கிடைத்தால் இந்த ஓட்டை பாதி அடைபடும். ஆனால் 2024 மே மாசம் என்ன ஆச்சு? பருப்பும் பாமாயிலும் பல கடைகளுக்கு நேரத்துக்கு வரவில்லை. மே மாசப் பொருளை ஜூனில் வாங்கிக்கலாம் என்று அரசே அறிவித்தது. வேலைக்கு லீவு போட்டு வரிசையில் நின்று, 'நாளைக்கு வாங்கம்மா' என்று கேட்டுத் திரும்பினால், அன்றைய கூலியும் போச்சு, பருப்பும் போச்சு.

சில்லறையில் கூடப் போகும் காசு மாசத்துக்கு 150 ரூபாய் என்று குறைச்சலாகவே வச்சுக்குவோம்.

ஓட்டை 3: தண்டல்

மூன்றிலும் பெரிய ஓட்டை இதுதான். மீன் கூடைக்காரம்மா, தள்ளுவண்டி இட்லிக் கடை, ஆட்டோ டிரைவர்... இவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச பேங்க் தண்டல்காரர்தான்.

10 ஆயிரம் ரூபாய் தண்டல் என்பார்கள். கையில் வருவது 8,500. தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். '1,500 ரூபாய்தானே வட்டி' என்று தோன்றும். அங்கேதான் ஏமாந்து போகிறோம்.

முழுப் பணமும் 100 நாள் உங்க கிட்ட இருப்பதில்லை. மறுநாளில் இருந்தே திருப்பிக் கட்டுறீங்க. சராசரியாகப் பார்த்தால் 4,250 ரூபாய்தான் உங்க கையில் இருந்தது. அதற்கு மூன்றே கால் மாசத்தில் 1,500 ரூபாய் வட்டி. அதாவது மாசம் 450 ரூபாய். நூத்துக்கு பத்து ரூபாய்க்கு மேல் மாச வட்டி! நகைக்கடன் இதன் பக்கத்தில்கூட வராது.

சட்டம் இல்லையா? இருக்கு. அநியாய வட்டித் தடைச் சட்டம் 2003-ல் வந்தது. தினவட்டி, மணிநேர வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லித் தடுக்கிறது. 3 வருஷம் வரை ஜெயில், 30 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். அப்படியும் 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் ஆபீஸ் வாசலில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்ததை மறக்க முடியுமா? கடன் வசூல் என்ற பெயரில் மிரட்டுவதைத் தடுக்க 2025-ல் சட்டசபையில் இன்னொரு மசோதாவும் நிறைவேறியது.

ஆனால் புள்ள ஆஸ்பத்திரியில் கிடக்கும் ராத்திரி, சட்டம் வந்து பணம் கொடுக்காது. தண்டல்காரர்தான் கொடுப்பார். பேங்க் பேப்பர் கேட்கும். அவர் முகத்தைப் பார்த்தே கொடுப்பார். அதனால்தான் அடி வாங்கியும் அங்கேயே போகிறோம்.

கூட்டிப் பாருங்க!

கரண்டில் 400. சில்லறையில் 150. தண்டலில் 450. ஆக மொத்தம் 1,000 ரூபாய். உரிமைத்தொகை எவ்வளவு? அதே 1,000.

எல்லார் வீட்டிலும் இதே கணக்கு வராது. சிலருக்குக் குறையலாம், சிலருக்குக் கூடலாம். ஆனால் ஒரு கையால் வாங்கி மறு கையால் விடுகிறோம் என்பது மட்டும் நிச்சயம். 1,000-ஐ 2,000 ஆக்கினாலும் இந்த ஓட்டை அடையாவிட்டால் அதுவும் தங்காது. தேர்தலுக்குத் தேர்தல் தொகையை ஏற்றிச் சொல்லும் கட்சிகள் இந்த ஓட்டையைப் பற்றியும் பேச வேண்டும்.

என்ன செய்யலாம்?

அரசு செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. வாடகைக் குடித்தனத்துக்குத் தனி மீட்டரை அலையவிடாமல் கொடுக்க வேண்டும். ரேஷனில் பருப்பு, பாமாயில் மாசத்தின் முதல் வாரத்திலேயே இருக்க வேண்டும். வேலை முடிந்து வருபவருக்காக சாயங்காலமும் கடை திறந்திருக்க வேண்டும். கூட்டுறவு வங்கிகள் 10 ஆயிரம், 15 ஆயிரம் கடனை இரண்டே நாளில் கொடுக்கிற மாதிரி ஆக வேண்டும்.

நாம செய்ய வேண்டியதும் இருக்கு.

* வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்க. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி அது கட்டாயம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் 3 மாச வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்க முடியாது. தகராறு என்று சொல்லி கரண்ட், தண்ணியை நிறுத்தவும் முடியாது. கரண்ட் ரேட்டையும் அதிலேயே எழுதி வாங்குங்க.

* ரோட்டோர வியாபாரிகள் ஸ்வாநிதி கடனைக் கேளுங்க. 2020-ல் வந்த திட்டம். முதல் தவணை 10 ஆயிரமாக இருந்ததை 2025-ல் 15 ஆயிரமாக ஆக்கினார்கள். ஒழுங்காகக் கட்டினால் வட்டியில் 7 சதவீதம் மானியம் உண்டு. மாநகராட்சி வியாபாரி அடையாள அட்டை இருந்தால் வேலை சுலபம்.

* மகளிர் குழுவில் உள்ளவர்கள் உரிமைத்தொகையில் மாசம் 200 ரூபாயாவது குழுச் சேமிப்பில் போட்டு வையுங்க. அவசரத்துக்குத் தண்டல்காரர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டாம்.

* தெருவில் நாலு வீடு சேர்ந்து ஒரு மூட்டை அரிசி, ஒரு டின் எண்ணெய் வாங்கிப் பிரிச்சுக்குங்க. பழைய காலத்து வழிதான். இன்னைக்கும் காசு மிச்சம்.

15-ம் தேதி செல்போனில் 'டிங்' என்று மெசேஜ் வருகிறது. பணம் வந்ததைச் சொல்ல மெசேஜ் உண்டு. போறதைச் சொல்லத்தான் எதுவும் இல்லை.

அதை நாமதான் எழுதி வைக்கணும். இன்னைக்கு ராத்திரியே புள்ளைங்க நோட்டில் ஒரு பக்கம் கிழிச்சு எழுதிப் பாருங்க. உங்க வீட்டு ஆயிரம் ரூபாய் எந்த ஓட்டையில் போகுதுன்னு தெரிஞ்சிடும்.