வரப்பைச் சுரண்டினவன் படித்த கதை

"பைபிள் ஒண்ணு போதாதா? கண்ட புத்தகத்தையும் எதுக்கப்பா படிக்கறே?"

எங்க சபைப் பெரியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. கேட்கிறவர்கள் நல்லவங்கதான். அதிகம் படித்தால் விசுவாசம் ஆட்டம் கண்டுவிடும்னு ஒரு பயம். எனக்கென்னமோ நேர் எதிராகத்தான் படுகிறது. ஏன்னு சொல்றேன்.

முள்ளுக்குறிச்சியில் எந்தத் தெருவில் நின்றாலும் கொல்லிமலை கண்ணில் படும். அந்த மலையில் 1914ல் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். அப்பா ஜெஸ்ஸி, அம்மா ஈவ்லின், ரெண்டு பேரும் மிஷனரிகள். அப்பா 1929ல் மலையிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். அம்மா 1974ல் தன் 95வது வயதில் சாகும்வரை மலை ஜனங்களை விடவில்லை. மகன் 1946ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து, தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தினார். விரல் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் அடிபட்டும் சூடுபட்டும்தான் தேய்கிறது என்று எடுத்துக்காட்டியவர்.

இதெல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான். நான் சொல்ல வந்தது அவர் 1980களில் எழுதின ஒரு சின்னக் கட்டுரையைப் பற்றி. ஒரு கைப்பிடி சேறு என்று தமிழில் சொல்லலாம்.

சின்னப் பையனாக இருந்தபோது மலையில் மற்ற பையன்களோடு நெல்வயலில் இறங்கித் தவளை பிடித்திருக்கிறார். வயலைப் பார்த்துக்கொள்கிற தாத்தா ஒருவர் வருகிறார். திட்டவில்லை, அடிக்கவில்லை. ஒரு கை சேற்றை அள்ளிக் காட்டி இது என்னன்னு கேட்கிறார். அப்புறம் வரப்பைத் தாண்டிக் கலங்கலாக ஓடுகிற தண்ணியைக் காட்டுகிறார். போகிறது வெறும் தண்ணி இல்லை, மண்ணு. போன மண்ணு மலையேறித் திரும்பி வராது. அந்த மண்ணுதான் சோறு. அவ்வளவுதான் பாடம். உலகம் சுற்றி, பெரிய டாக்டராகி, கிழவரான பிறகும் பிராண்ட் அந்தத் தாத்தாவை மறக்கவில்லை.

படித்து முடித்ததும் எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் இருக்கு.

எனக்கும் பங்காளிக்கும் நடுவே ஒரு வரப்பு. அண்ணன் காடு எனக்குக் கீழே. குச்சிக்கிழங்கு இன்னும் ஒரு வரிசை நடலாமேன்னு வருஷா வருஷம் என் பக்கமாக மண்வெட்டியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிக்கொண்டே வந்தேன். ஒரு ஐப்பசி மழையில் வரப்பு உடைந்தது. என் காட்டுத் தண்ணி அண்ணன் காட்டு மேல்மண்ணையும் அரித்துக்கொண்டு ஓடைக்குப் போய்விட்டது. "மழை அப்படிங்கண்ணா, நாம என்ன பண்றது?" என்றேன். அவரும் நம்பிவிட்டார்.

அடுத்தவன் எல்லையைத் தள்ளி வைக்கக் கூடாதுன்னு உபாகமத்தில் இரண்டு இடத்தில் இருக்கிறது. நான் எத்தனை தடவை படித்திருப்பேன்! சபையில் சத்தமாகவே வாசித்திருக்கிறேன். அது யாரோ எல்லைக்கல்லைப் பிடுங்கி நடுகிற திருடனுக்குச் சொன்னது என்று தாண்டிப் போயிருக்கிறேன். பிரசங்கத்தில் வந்தால் இன்னும் சுலபம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்குத்தான் சொல்கிறார்னு நினைத்துக்கொள்ளலாம். ராத்திரி தனியாகப் படிக்கும்போது பக்கத்தில் யாரும் இல்லை.

இது புதுசும் இல்லை. தாவீது ராஜாவுக்கு நியாயப்பிரமாணம் தெரியாதா? தெரியும். ஆனாலும் நாத்தான் தீர்க்கதரிசி வந்து ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையைச் சொன்ன பிறகுதான் உறைத்தது. கதையில் வருகிற பணக்காரன் மேல் கோபப்பட்டு, கடைசியில் அது தானேன்னு மாட்டிக்கொண்டார். நல்ல புத்தகம் செய்கிற வேலை இதுதான். வேதத்துக்குப் போட்டியாக நிற்பதில்லை. வேதத்தில் நாம் தாண்டிப் போன இடத்துக்கே காதைப் பிடித்துத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறது. சீகன்பால்கு 1714ல் தரங்கம்பாடியில் சுவிசேஷங்களைத் தமிழில் அச்சடித்தாரே, படிக்கத் தெரிந்தவன் தானே எடுத்துப் படிக்கட்டும் என்றுதானே? அப்படிப் படிக்கப் பழகின கண்ணு வேதத்தோடு மட்டும் நிற்காது.

ஆனால் இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். படித்து மனசு உருகினதையே மனந்திரும்புதல்னு நினைத்துக்கொள்வது. நானும் ரெண்டு மாசம் அப்படித்தான் ஓட்டினேன். பார்க்கிறவர்களிடமெல்லாம் தாத்தா கதையைச் சொன்னேன், அண்ணனைத் தவிர! படித்து அழுவது சுகமாகக்கூட இருக்கிறது. செலவே இல்லை.

கடைசியில் ஒரு நாள் அண்ணனைக் காட்டுக்குக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னேன். ஒரு வரிசைக் கிழங்கைப் பிடுங்கிப் போட்டு, வரப்பைப் பழைய அகலத்துக்குக் கட்டிவிட்டேன். அவர் சண்டை போடவில்லை. உடைந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"சரிடா தம்பி, போன மண்ணு வருமா?"

அவர் அந்தக் கட்டுரையைப் படித்தவர் இல்லை. தாத்தா சொன்னதைத்தான் சொன்னார். என்னிடம் பதில் இல்லை. மன்னிப்பு கிடைக்கும்னு விசுவாசிக்கிறேன். மண்ணு வராதுன்னும் தெரியும். இந்த ரெண்டையும் சேர்த்துச் சுமக்கிறதுதான் விசுவாசம்னு இப்போ தோன்றுகிறது. இந்தப் பாடம் எனக்கு ஒரு புத்தகத்தில் ஆரம்பித்து வரப்பில்தான் முடிந்தது.

படிங்க. படிச்சுட்டு யார்கிட்டயாவது போகணும்னு தோணுச்சுன்னா, ரெண்டு மாசம் தள்ளிப்போடாதீங்க.