சுறாப் பல்லும் சாளக்கிராமமும்

மேல்நாடுகளில் ஓய்வு நேரத்தில் கடற்கரையிலும் கல்வெட்டும் குழிகளிலும் குனிந்து நடந்து, கல்லாய்ப் போன சுறாப் பற்களைத் தேடிப் பொறுக்குவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் ஏராளம். நம்மவர்களிடம் சொன்னால் வேலையற்றவன் வேலை என்று சிரிப்பார்கள். மகாமகக் குளத்துச் சேற்றில் முழுகுவதற்கு ரயில் சார்ஜு கொடுத்துக் கும்பகோணம் போகிறவர்களுக்கு இதைப் பார்த்துச் சிரிக்க என்ன யோக்கியதை இருக்கிறது என்று கேட்கிறோம்.

தஞ்சை ஜில்லா வாசகர்கள், “எங்கள் வயலில் வண்டலைத் தவிர ஒரு கூழாங்கல்கூட இல்லையே, பல்லுக்கு எங்கே போவது?” என்று கேட்கலாம். வாஸ்தவந்தான். காவேரி கொண்டுவந்து கொட்டிய மண் நம் காலடியில் உள்ள பழைய பாறையை மூடிவிட்டது. ஆனால் திருவையாறு தாண்டி, கொள்ளிடத்தைக் கடந்து, திருமானூர் வழியே அரியலூருக்குப் போனால் அந்த மூடி விலகிவிடுகிறது. அரியலூர், பெரம்பலூர், திருச்சி ஜில்லாக்களில் காரை, ஊட்டத்தூர், கல்லக்குடி, கருடமங்கலம் முதலிய ஊர்ப்பக்கம் வெளியே தெரிகிற மண்ணும் கல்லும் ஒரு காலத்தில் கடலின் அடியில் படிந்தவை. பெரம்பலூர் ஜில்லாக் காரையில் மழைநீர் அறுத்த ஓடைகளின் களிமண் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுப் பழமையுடையது. அக்களிமண்ணில் சுறாப் பற்கள் கிடைக்கின்றன.

ஏன் பல் மட்டும்? இதற்கு நாகப்பட்டினத்து மீன்காரரே விடை சொல்லிவிடுவார். சுறாவுக்கு மற்ற மீனைப்போல முள்ளெலும்பு கிடையாது. உடம்புக்குள் இருப்பதெல்லாம் குருத்தெலும்பு. நம் வீட்டுப் பெண்கள் சுறாவை வேகவைத்து உதிர்த்துப் புட்டு செய்வதும் அதனால்தான் எளிதாகிறது. குருத்தெலும்பு அழுகிப்போகும், பல் அழுகாது. அன்றியும் சுறாவுக்குப் பல் விழவிழப் பின் வரிசையிலிருந்து புதுப்பல் முன்னே வந்துகொண்டே இருக்கும். ஒரு சுறா தன் ஆயுளில் ஆயிரக்கணக்கான பற்களை உதிர்த்துவிடுகிறது. உதிர்ந்த பல் சேற்றில் புதைந்து, சேறு பாறையாகி, கடல் விலகி, மழை அப்பாறையைக் கரைக்கும்போது மறுபடி வெளியே வருகிறது. இதிலே மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை.

ஆனால் இந்த எளிய உண்மையை ஒப்புக்கொள்ள மனிதனுக்கு எவ்வளவு காலம் பிடித்தது! ஐரோப்பாவில் இப்பற்களுக்கு “நாக்குக் கல்” என்று பெயர் வைத்திருந்தார்கள். மால்டா தீவில் பவுல் என்ற அப்போஸ்தலரைப் பாம்பு தீண்டியதாகவும், அவர் சாபத்தால் பாம்புகளின் நாக்குகள் கல்லாய்ப் போனதாகவும் கதை கட்டி, அக்கல்லை விஷத்தை முறிக்கும் தாயத்தாக அணிந்தார்கள். 1666இல் இத்தாலிய மீனவர் ஒரு பெருஞ்சுறாவைப் பிடிக்க, அதன் தலையை அறுத்துப் பார்க்கும் வேலை ஸ்டெனோ என்ற டென்மார்க்குக்காரருக்குக் கிடைத்தது. அவர் சுறாவின் பல்லையும் நாக்குக் கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இரண்டும் ஒன்றே என்று 1667இல் எழுதினார். தீர்ந்தது பவுலின் பாம்பு! அதே ஸ்டெனோ பின்னால் மதத்தில் மூழ்கி 1677இல் பிஷப்பும் ஆனார். ஆயினும் அவர் பிஷப்பானதால் பல் மறுபடி பாம்பு நாக்காகிவிடவில்லை. சொன்னவன் யார் என்பதல்ல, சொன்னதைச் சோதிக்க முடியுமா என்பதே கேள்வி.

வெள்ளைக்காரன் மூடத்தனத்தைச் சொல்லியாயிற்று; நம்முடையதைப் பார்ப்போம். நேபாளத்துக் கண்டகி நதியில் சுருள் சுருளான கோடுகளுடன் கருங்கற்கள் கிடைக்கின்றன. அவை ஆதிகாலத்துக் கடலில் கூட்டுடன் வாழ்ந்து, அழிந்துபோன அம்மோனைட் என்ற பிராணியின் எச்சங்கள். அவற்றுக்குச் சாளக்கிராமம் என்று பெயரிட்டு, விஷ்ணுவே அதில் குடியிருப்பதாகச் சொல்லி, பாலாபிஷேகம் செய்து தீர்த்தம் கொடுக்கிறார்கள். பெண்களும் சூத்திரர்களும் தொடக்கூடாது என்று விதி எழுதி வைத்தவர்களும் உண்டு. ஆனால் அதே அம்மோனைட் இனத்தின் எச்சங்கள் அரியலூர்ப் பக்கத்துக் கல்லிலும் களிமண்ணிலும் கிடக்கின்றன. ஆடு மேய்க்கும் பெண்ணும், சுரங்கத்தில் கூலி வேலை செய்யும் ஆதிதிராவிடத் தோழரும் அவற்றை மிதித்துக்கொண்டுதான் நடக்கிறார்கள். ஒரு தீட்டும் வரவில்லை. ஒருவர் கண்ணும் அவிந்துவிடவில்லை. கண்டகியில் கிடந்தால் கடவுள், அரியலூர்ச் சுரங்கத்தில் கிடந்தால் சிமெண்டு! இக்கடவுளின் யோக்கியதைக்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

நிற்க, “எங்கள் சாஸ்திரத்திலும் கோடி வருஷக் கணக்கு உண்டு, சதுர்யுகம் 43,20,000 வருஷம் என்று அன்றே சொன்னோம்” என்று சில பண்டிதர்கள் வரக்கூடும். எண்ணைப் பெரிதாகச் சொல்லுவது ஒரு காரியமா? அந்த எண் எப்படிக் கிடைத்தது, தவறானால் எதைக் கொண்டு தெரிந்துகொள்வது என்று கேட்டால் பதில் உண்டா? பாறை படிப்பவன் சொல்லுவதைப் பாருங்கள். திமிங்கிலம் பாலூட்டும் பிராணி. அதன் முன்னோர் தரையிலிருந்து நீருக்குப் போனது சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்தான். அவ்வாதித் திமிங்கிலங்களின் எலும்புகள் கட்சுப் பக்கத்தில் கிடைத்துள்ளன. ஆகவே காரைக் களிமண்ணில் சுறாப் பல் கிடைக்கும், இக்தியோசார் என்ற கடல் ஊர்வனவற்றின் பல்லும் கிடைக்கும், ஆனால் திமிங்கிலப் பல் கிடைக்காது என்கிறான். 2011இல் பல நாட்டு ஆராய்ச்சியாளர் சேர்ந்து வெளியிட்ட காரை ஆராய்ச்சியிலும் சுறாவும் இக்தியோசாரும் இருந்தன. நாளைக்கே ஒரு மாட்டுக்காரப் பையன் அங்கே பாறைக்குள்ளிருந்து திமிங்கிலப் பல்லை எடுத்துக் காட்டினால், பண்டிதர்கள் எழுதிய புத்தகங்களைத் திருத்தித்தான் ஆகவேண்டும். ஒரு பையன் கையிலுள்ள சாட்சிக்குத் தலைவணங்குகிற சாஸ்திரம் உலகத்தில் வேறு எது?

பகுத்தறிவு பேசுவோரும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 2020இல் பெரம்பலூர் ஜில்லாக் குன்னத்தில் ஏரி வெட்டும்போது உருண்டைக் கற்கள் கிடைத்தன. உடனே டைனோசர் முட்டை என்று கைபேசிதோறும் செய்தி பறந்தது, ஜனங்கள் திரண்டார்கள். புவியியல் அறிந்தோர் பார்த்து, அவை முட்டையல்ல, கடற்படிவு உருண்டு இறுகிய கற்களே என்றார்கள். கடவுள் பெயரை எடுத்துவிட்டு டைனோசர் பெயரை வைத்துவிட்டால் மட்டும் அது பகுத்தறிவாகிவிடாது.

இன்னொரு விஷயம் இதனினும் முக்கியமானது. சென்னை அரசாங்க உத்தியோகத்திலிருந்த கே என்பவரும் கன்லிஃப் என்பவரும் புதுச்சேரிப் பக்கத்தில் சேகரித்த மீன் எச்சங்களை 1845இல் ஈகர்ட்டன் இங்கிலாந்தில் விவரித்து எழுதினார். அது முதல் இன்று வரை நம் மண்ணின் கதை சீமைப் புத்தகங்களில் இருக்கிறது. மண்ணை வெட்டுகிற தோழர் வீட்டில் இல்லை. கல்லுடைப்பது ஒரு ஜாதிக்கு, கல்லைப் பற்றி அறிவது வேறொரு ஜாதிக்கு என்ற ஏற்பாடு வர்ணாசிரமமல்லாமல் வேறென்ன? அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் நாள்தோறும் லாரி லாரியாக ஆலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அதனுள் இருந்தது என்ன என்று அதை ஏற்றிவிட்டவர் பிள்ளைக்குத் தெரியாமலே பொடியாகிவிடுகிறது.

ஆகவே வாசகர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். திருவிழாவுக்குச் செலவிடும் ஒரு நாளில் பிள்ளைகளை, முக்கியமாகப் பெண் பிள்ளைகளை, அழைத்துக்கொண்டு போய் வாரணவாசி அருங்காட்சியகத்தையும், சாத்தனூரில் கல்லாய்க் கிடக்கும் 18 மீட்டர் மரத்தையும் காட்டுங்கள். மழைக்குப் பின் காரை ஓடைகளில் நடந்து பாருங்கள். அனுமதியில்லாமல் தோண்டாதீர்கள், விலைக்கு விற்காதீர்கள். பல் ஒன்று கண்ணில் பட்டால், எந்த ஊர், எந்த இடம், எந்தத் தேதி என்று எழுதி வைத்து, அறிந்தவர்களிடம் காட்டுங்கள். இடம் தெரியாத பல் வெறும் கல். இடம் தெரிந்த பல் ஒரு சாட்சி.

அதைப் பூஜை அறையில் மட்டும் வைத்துவிடாதீர்கள். பள்ளிக்கூடத்து மேசைமீது, எல்லாப் பிள்ளைகளும் தொட்டுப் பார்க்கும்படி வையுங்கள்.